துளுக்காத கிடாய்

எங்கள் ஊரில் ரேஷன் அரிசி வேண்டுமென்றால் முதலில் பாறை ஏற வேண்டும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எங்கள் நெல்லிவளவில் கடை இருக்கிறது, கடைக்குள் அரிசி மூட்டை இருக்கிறது, வாசலில் பெயிண்ட் உதிராத பலகைகூட இருக்கிறது. ஆனால் கைரேகை பார்க்கும் மிஷினுக்கு சிக்னல் வேண்டும். அந்த சிக்னல் ஊருக்கு மேலே மொட்டைப்பாறையில்தான் குடியிருக்கிறது. எனவே ரேஷன் போடுகிற நாளில் ஊர் மொத்தமும் பாறைக்கு ஏறி, மிஷினில் விரல் வைத்து, அது துப்புகிற சீட்டை வாங்கிக்கொண்டு, மறுபடி கீழே இறங்கி வந்து கடையில் அரிசி வாங்கும். சேந்தமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருகிற கடைக்காரர் சதீஷ்குமார், மிஷினைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு கூடவே ஏறி இறங்குவார்.

"எடுத்துச்சா?" பாறையில் எல்லோரும் கேட்கிற கேள்வி இது ஒன்றுதான். மிஷின் விரலை எடுத்துக்கொண்டால் அரிசி. எடுக்காவிட்டால் மறுபடி வரிசை. பாப்பாத்திப் பெரியம்மாவின் விரலை அது எடுத்ததே அபூர்வம். மிளகு உதிர்த்தும் மரவள்ளி பிடுங்கியும் தேய்ந்த அந்த விரல்களில் ரேகை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. பெரியம்மா பிள்ளைகுட்டி இல்லாத தனிக்கட்டை. துணைக்கு ஒரு வெள்ளாட்டுக் கிடாய் மட்டும் உண்டு, அவர் எங்கே போனாலும் அதுவும் பின்னாலேயே போகும். சாரலில் நனைந்துகொண்டு அவர் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார். கிடாயும் பக்கத்தில் நனைந்துகொண்டு நிற்கும். கடைசியில் என் பக்கம் திரும்பித் திட்ட ஆரம்பிப்பார்.

என்னை ஏன் திட்டுகிறார் என்றால், நான்தான் வார்டு மெம்பர். பெயர் மணிமேகலை. பதவிக்காலம் முடிந்துவிட்டது, அடுத்த தேர்தல் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை, ஆனாலும் ஊர் என்னை மெம்பர் என்றுதான் கூப்பிடுகிறது. முன்கோபக்காரி என்றும் ஒரு பேர் உண்டு. அதை நான் மறுக்கப் போவதில்லை. தேர்தலில் நின்றபோது அந்தப் பாறை உச்சியிலேயே ஏறி நின்று, "ரேஷன இந்தப் பாறையிலிருந்து ஊருக்குள்ள எறக்காம நான் ஓயமாட்டேனுங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். எனக்கு விழுந்த ஓட்டெல்லாம் அந்தக் கத்தலுக்கு விழுந்தவைதான். எதிர்த்து நின்ற தனபால் இன்னமும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

சரி, ரேஷனை இறக்கினேனா? இல்லை.

போகாத ஆபீஸ் கிடையாது. யாரும் விரட்டவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். உட்காரச் சொன்னார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள், மலையில் இந்த வருஷம் மிளகு எப்படி என்று விசாரித்தார்கள். கடைசியில் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். "இது எங்க கையில இல்லீங்களேம்மா." பிறகு யார் கையில் என்றால் மேலே என்றார்கள். மேலே போனால் இன்னும் மேலே. கொண்டை ஊசி வளைவு ஏறிப் பழகியவளுக்கு ஏறுவதா கஷ்டம்? ஏறினேன். உச்சியில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இது பாலிசி மேட்டர்ங்கம்மா. மிஷின் எல்லா ஊருக்கும் ஒண்ணுதான்" என்றார். அன்று திரும்பி வரும்போது பஸ் வளைந்த ஒவ்வொரு வளைவிலும் பல்லைக் கடித்தேன். எல்லா ஊருக்கும் ஒன்று என்று எழுதியவர்கள் எங்கள் ஊரைப் பார்த்ததில்லை. அவர்கள் உட்கார்ந்து எழுதிய இடத்தை எங்கள் ஊர்க்காரர் யாரும் பார்த்ததில்லை.

அந்த இடத்துக்குப் போக ஒரு படிப்பு இருக்கிறது என்று எனக்குச் சொன்னவர், நாமக்கல்லில் மெம்பர்களுக்கு நடந்த பயிற்சி முகாமில் பாடம் எடுத்த ஓர் அம்மா. பொது விவகாரத்தில் முதுகலை. பெங்களூரில், இரண்டு வருஷம். அரசாங்கத் திட்டம் எங்கே பிறக்கிறது, யார் அதை எழுதுகிறார்கள், எந்த இடத்தில் அது கவிழ்கிறது என்று படிப்பார்களாம். உள்ளாட்சியில் இருந்தவர்களுக்கென்று சில இடங்கள் ஒதுக்கி, செலவையும் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். நான் தபாலில் பி.ஏ. முடித்து வைத்திருந்தேன். போட்டுப் பார்ப்போமே என்று போட்டேன்.

நேர்முகத் தேர்வு போனில் நடந்தது. போன் என்றால் பாறை. அன்றைக்குப் பார்த்து ரேஷன் நாள். திரையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நாலு வரி சொன்னேன், அது தீர்ந்ததும் தமிழுக்கு இறங்கிவிட்டேன். நல்லவேளை, அவர்களில் ஒருவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. பின்னால் யார் சண்டை போடுவது என்று கேட்டார். பாப்பாத்திப் பெரியம்மா சதீஷ்குமாரை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். போனை அந்தப் பக்கம் திருப்பிக் காட்டினேன். வரிசை, சாரல், குடைக்குள் மிஷின், மழைக்குள் மனுஷர்கள், எல்லாவற்றையும் பார்த்தார்கள்.

"நீங்க எதுக்காக இந்தப் படிப்புக்கு வரணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார் அவர்.

"எல்லாரும் எங்க கையில இல்லைங்கறாங்க. அப்ப எவன் கையில இருக்குதுன்னு பாக்கோணுமுங்க" என்றேன்.

'எவன்' என்று சொல்லியிருக்கக் கூடாது. போச்சு என்றுதான் பாறையிலிருந்து இறங்கினேன். ஆனால் இடம் கிடைத்துவிட்டது. ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும் என்று தகவல் வந்தது.

சந்தோஷத்தில் குதித்திருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? குதித்தேன். அரை நாள்தான். அதற்குள் ஊர் பேச ஆரம்பித்துவிட்டது.

"ஊர் வெவகாரத்தப் படிக்கறதுக்கு ஒரு காலேஜா? இங்க இல்லாத வெவகாரமா?" என்றார் என் மாமியார் ராக்கம்மாள். "பொண்ணு ஹாஸ்டல்ல, பொண்ணப் பெத்தவளும் ஹாஸ்டல்லயா? எம்பையன் ஊட்ல ஒத்தையா ஒல வெச்சுத் திங்கோணுமா?"

அவர் பையன், என் வீட்டுக்காரர் அருள்ராஜ், பிக்கப் வண்டியில் பலாவும் மிளகும் ஏற்றிக்கொண்டு தினமும் சேந்தமங்கலம் இறங்குகிறவர். பேச்சுக் குறைவு. "போறதுன்னா வண்டியில கொண்டுபோய் உடறேன். இருக்கறதுன்னா இரு" என்றார். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? போகாதே என்று சண்டைக்கு வந்திருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டாவது தெளிந்திருப்பேன். சேந்தமங்கலம் ஹாஸ்டலில் இருக்கும் மகள் கோகிலா மட்டும்தான் உருப்படியாகப் பேசினாள். "அம்மா, உனக்கும் வார்டன் இருப்பாங்களா? சோத்துல கல்லு கெடந்தா அழுவாத, நேராப் போய்க் கேளு" என்றாள்.

டீக்கடையில் தனபால் எனக்குக் கேட்கும்படி சொன்னார்: "மெம்பரம்மா நல்லாப் படிச்சுட்டு வரட்டுமுங்க. தேர்தல் வந்தா ஊர நாங்க பாத்துக்கறோம். பாறையில நின்னு வாக்குக் குடுத்ததெல்லாம் நாம ஏன் ஞாபகம் வெச்சுக்கோணும்?" கடையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எரிந்ததற்குக் காரணம் அவர் சொன்னது பொய்யில்லை என்பதுதான்.

பாப்பாத்திப் பெரியம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் கிடாய், நடுவீட்டில் அவர்.

"பாறையில நின்னு கத்துனது நீதான?"

"நான்தானுங்க பெரியம்மா."

"ரேஷன எறக்கிட்டியா?"

"இல்லீங்க."

"அப்பறம் எங்க போற? நீ போயிட்டீன்னா நான் யாரத் திட்டறது?"

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவரைப் போன்ற ஒருவருக்குத் திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும். ஆபீஸில் யாரைத் திட்டினாலும் அவர் கையில் இல்லை. நான் ஒருத்திதான் கைக்கு எட்டுகிற அரசாங்கம்.

போக வேண்டும் என்று நெஞ்சு முழுக்க ஆசை. போனால் வாக்குத் தவறியவள், இடையில் தேர்தல் வந்தால் வார்டும் கைவிட்டுப் போகும். இருந்தால் வாக்கு அப்படியே நிற்கும், பாறையும் அப்படியே நிற்கும். இன்னும் ஐந்து வருஷம் டீ குடித்துவிட்டு வருவேன், அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவில் கிடந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை, பார்க்கிறவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். கடைசியில் யாராவது எனக்காக முடிவு செய்துவிட்டால் போதும் என்று ஆகிவிட்டது. எனவே ஊர்க்கவுண்டர் சின்னையன் வந்து, "கருப்பனாரக் கேட்டுப்போடலாம் கண்ணு" என்றபோது உடனே தலையாட்டினேன்.

எங்கள் மலையில் அது வழக்கம். கிணறு வெட்டுவதென்றாலும், பெண் கொடுப்பதென்றாலும், ஒருவர் நெடுநாள் மலையை விட்டுப் போவதென்றாலும் கருப்பனார் கோயிலில் ஒரு கிடாயை நிறுத்தி, விஷயத்தைச் சத்தமாகச் சொல்லி, அதன் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். கிடாய் உடம்பைச் சிலுப்பித் தண்ணீரை உதற வேண்டும். துளுக்குவது என்போம். துளுக்கினால் சாமி சம்மதம், கிடாயை அன்றைக்கே வெட்டிப் பொங்கல் வைப்பார்கள். துளுக்காவிட்டால் சம்மதமில்லை, கிடாய் வீடு திரும்பும். சின்னையன் கவுண்டர் சொன்னால் மறுபேச்சுக் கிடையாது, கிடாய் சொன்னால் கவுண்டருக்கே மறுபேச்சுக் கிடையாது.

"யாரு கெடா குடுக்கறீங்க?" என்று கேட்டார் கவுண்டர்.

"என் கெடா இருக்குது" என்றார் பாப்பாத்திப் பெரியம்மா.

இருக்கிற ஒரே துணையை எனக்காகக் கொடுக்கிறாரே என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை உருவிக்கொண்டு, "ஆகட்டும், பாக்கலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கோயில் முன்னால் ஊர் கூடியது. கருப்பனார் வேலில் எலுமிச்சம்பழம் குத்தி, கிடாய்க்கு மாலை போட்டு நிறுத்தினார்கள். அருள்ராஜ் அன்றைக்கு வண்டி எடுக்கவில்லை. தனபால் புதுச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றார்.

கவுண்டர் சொம்பைத் தூக்கினார். "அப்பனே கருப்பா, மெம்பரு மணிமேகல படிக்கப் போலாமுன்னா துளுக்கு!"

தண்ணீர் கிடாயின் முதுகில் விழுந்து இரண்டு பக்கமும் வழிந்தது. கிடாய் நின்றது. மறுபடி தெளித்தார். நின்றது. தலையோடு ஊற்றினார். காதிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, மாலையிலிருந்த துளசியை எட்டிக் கடித்து அசைபோட ஆரம்பித்தது.

"உத்தரவு இல்லீங்க" என்று யாரோ முணுமுணுத்தார்கள். விடை கிடைத்தால் நிம்மதி என்று வந்தவளுக்கு, கிடைத்த விடை நெஞ்சில் கல்லாக இறங்கியது. அப்போதுதான் எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்று எனக்கே தெரிந்தது.

என் மாமியாருக்கு மட்டும் அது போதவில்லை. நாளைக்கு நான் பேச்சு மாறிவிடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, முன்னால் வந்து நின்றார். "சாமி தெளிவாச் சொல்லட்டுமுங்க. போகக்கூடாதுன்னா துளுக்குன்னு கேளுங்க."

கவுண்டர் கேட்டார். தெளித்தார். கிடாய் நின்றது. ஒரு சொம்பு முழுக்கக் கவிழ்த்தார். கிடாய் மூக்கை நக்கிக்கொண்டது.

போகவும் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. ஊர் திகைத்துப்போனது. கவுண்டர் தன் ஆயுசில் இப்படிப் பார்த்ததில்லை என்றார். கிடாய்க்குக் காது கேட்காதோ என்று ஒருவர் சந்தேகப்பட்டார். அதன் காதோரம் கையைத் தட்டிப் பார்த்தார்கள், அது திரும்பிப் பார்த்து முறைத்தது. காது நன்றாகவே கேட்டது.

தனபால் தொண்டையைச் செருமினார். "சாமி விஷயத்துல அவசரம் ஆகாதுங்க. அடுத்த அமாவாசைக்கு வேற கெடா வெச்சுக் கேட்டுக்கலாம்."

"அஞ்சு மணிக்குள்ள சொல்லோணுமுங்களே" என்றார் அருள்ராஜ். அன்றைக்கு அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். "அதுக்கு நான் என்ன பண்றதுங்க? என் கையில என்ன இருக்குது?" என்றேன்.

சொல்லி வாயை மூடவில்லை, பாப்பாத்திப் பெரியம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். அப்படி ஒரு கோபத்தை அவர் முகத்தில் நான் பாறையில்கூடப் பார்த்ததில்லை.

"என்ன சொன்ன? திருப்பிச் சொல்லு!"

"என் கையில..."

"ஆபீஸரு பேச்சு! நல்லாக் கத்துக்கிட்ட! எங்க கையில இல்ல, எங்க கையில இல்லன்னு அவனுங்க சொல்லி நீ கேட்டு வந்து, எத்தன நாளு எங்கூட ஒக்காந்து பல்லக் கடிச்சிருப்ப? இன்னைக்கு உன் வாயிலயே அது வருதா?" என்றவர், கிடாயின் மாலையைப் பிய்த்து எறிந்தார். "எல்லாரும் கேட்டுக்கங்க. இந்தக் கெடா எந்தச் சாமி கேட்டாலும் துளுக்காது. குட்டியில இருந்து எங்கூடப் பாறையில நின்னு நனைஞ்ச கெடா இது. நாளு பூரா மழையில நிக்கற அதுக்கு இந்த ஒரு சொம்புத் தண்ணி என்ன கணக்கு? தெரிஞ்சுதான் குடுத்தேன்!"

கூட்டத்தில் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கருப்பனார் முன்னால் நின்று சொல்கிற பேச்சு அது.

"ஏன் பாப்பாத்தி இப்படிப் பண்ணுன?" என்றார் கவுண்டர், நம்ப முடியாமல்.

"இவ போகக்கூடாதுன்னுதான். வேற எதுக்கு? இவ போயிட்டா என்னைய யாரு கேக்கறாங்க?" பெரியம்மாவின் குரல் உடைந்தது. ஆனால் உடனே சேர்ந்துகொண்டது. "சாமிகிட்டத் தப்புத்தான், அபராதம் போடுங்க, கட்டிக்கறேன். ஆனா இவ இங்கயே இருந்து இந்தப் பேச்சுத்தான் பேசுவான்னா, இருந்து எனக்கு என்ன புண்ணியம்? அந்த ஆபீஸருங்களே போதுமே!"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கோபத்துக்குப் பேர்போனவள் நான். ஆனால் வந்தது சிரிப்பு. அந்தக் கிடாயைப் பார்த்தேன். மஞ்சள் பூசி, சொட்டச் சொட்ட நனைந்து, வரிசையில் தன் முறைக்குக் காத்திருப்பதுபோல அடக்கமாக நின்றது. பாறையில் அது நிற்கிற அதே நிற்பு. இந்த மிஷின் எங்கள் ஊரை என்ன செய்திருக்கிறது பாருங்கள், சாமி உத்தரவுக்கு நிறுத்தின கிடாய்க்குக்கூட உதறுகிற புத்தி போய்விட்டது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். முதலில் அருள்ராஜ் சிரித்தார், பிறகு கவுண்டர், பிறகு ஊரே சிரித்தது. சிரிப்புக்கு நடுவில் எனக்குக் கண்ணீர் வழிந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சிரித்து முடித்ததும் எனக்குள் எல்லாம் தெளிந்திருந்தது. நான் கருப்பனார் பக்கம் திரும்பினேன். "அப்பனே, நான் கேக்க வல்ல, சொல்ல வந்திருக்கேன். போறேன். போய் எங்க எழுதறாங்களோ அங்க ஒக்காந்து பாத்துட்டு வாரேன். வழி உடு" என்று கும்பிட்டேன். பிறகு தனபால் பக்கம் திரும்பினேன்.

"தேர்தல் வந்தா நீங்கதான் நிக்கோணும், தனபால் அண்ணா. நான் குறுக்க வரமாட்டேன்."

அவர் முகம் மலர்ந்தது. நான் முடிக்கவில்லை.

"ஆனா ஒண்ணு. நான் பாறையில நின்னு என்ன சொன்னனோ, அத நீங்களும் சொல்லோணும். இன்னைக்கே. எல்லாரும் கேக்கறாப்புல."

"அதுக்கென்னங்க, இன்னொரு நாளு..."

"இன்னைக்கே!" என்றது கூட்டம். அதில் பாதி பெண்கள் குரல். என் மாமியார் குரலும் அதில் இருந்தது. பிறகு அவரைக் கேட்டதற்கு, "நாந்தான் ஒல வைக்கோணுமுன்னு ஆயிருச்சு, அப்பறம் அந்த ஆளு மட்டும் சும்மா ஒக்காரட்டுமா?" என்றார்.

ஐந்து மணிக்கு அதிகம் மிச்சமில்லை. ஊர் பாறைக்குக் கிளம்பியது. ரேஷன் நாள் இல்லாமல் நாங்கள் அத்தனை பேரும் பாறை ஏறியது அன்றைக்குத்தான். பாதி வழியில் சாரல் பிடித்துக்கொண்டது. அருள்ராஜ் என் போனைத் தன் சட்டைக்குள் போட்டு மூடிக்கொண்டு முன்னால் ஓடினார், சதீஷ்குமார் மிஷினைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரியே. பெரியம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். கிடாய் பின்னாலேயே வந்தது.

உச்சியில் முதலில் தனபாலை ஏற்றிவிட்டார்கள். புதுச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. "ரேஷன... இந்தப் பாறையிலிருந்து..." என்று முனகினார். "கேக்குலீங்க!" என்று கத்தினார்கள். மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ரேஷன இந்தப் பாறையிலிருந்து ஊருக்குள்ள எறக்காம நான் ஓயமாட்டேனுங்க!" என்று என்னைவிட நன்றாகவே கத்தினார். எதிர்மலை அதைத் திருப்பிச் சொன்னது. இறங்கி வந்தபோது, அத்தனை வருஷத்துக்குப் பிறகு, என் முகத்தை நேராகப் பார்த்து, "அங்க எதாச்சும் வழி தெரிஞ்சா போன் பண்ணுங்க மெம்பரே" என்றார்.

"நீங்க பாறைக்கு வந்தாத்தானுங்க எனக்குப் பேச முடியும்" என்றேன். அவரும் சிரித்துவிட்டார்.

போனை வாங்கினேன். சிக்னல் வந்தது, போனது, வந்தது. சம்மதம் என்று அழுத்த வேண்டிய இடம் திரையில் வந்து நின்றது. கட்டைவிரலை வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. விரல் ஈரம். சேலையில் துடைக்கலாம் என்றால் சேலையும் ஈரம். ஊர் மொத்தமும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது, வரிசையில் முன்னால் நிற்பவர் கையைப் பார்க்கிற அதே கவலையோடு.

"இங்க குடு" என்றார் பாப்பாத்திப் பெரியம்மா. என் கையைப் பிடித்து இழுத்து, தன் ரவிக்கைக்குள் சுருட்டி வைத்திருந்த காய்ந்த துணித்துண்டை எடுத்தார். பாறைக்கு வருகிற ஒவ்வொரு தடவையும் தன் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்க்கிற துணி அது. என் கட்டைவிரலை அழுத்தித் துடைத்தார். ரேகை தேய்ந்த அவர் விரல்கள் என் விரல் மேல் வழுவழுவென்று இருந்தன.

"இப்ப வெய்யி" என்றார். "போயி எவன் கையில இருக்குதுன்னு பாத்துட்டு வந்து எங்கிட்டச் சொல்லு. அது வரைக்கும் நான் தனபாலத் திட்டிக்கறேன்."

வைத்தேன். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. சாரல் பாறையில் விழுந்துகொண்டிருந்தது.

"எடுத்துச்சா?" என்று கேட்டார் பெரியம்மா.

பச்சை நிறத்தில் ஒரு வரி வந்தது. இங்கிலீஷில்தான் இருந்தது, ஆனால் முழுதாகப் புரிந்தது.

"எடுத்துருச்சுங்க பெரியம்மா!" என்று நான் போட்ட கூச்சலுக்கு, என் மாமியார்தான் முதலில் குலவை போட்டார்.